ஹெட்போன்: 51 பாட்டு... ஒரே ஒரு ஹிட்!



லேப்ல சர்க்யூட் வேலை செய்யலைன்னா என்ன பண்ணுவோம்? எல்லாத்தையும் ஒரே நேரத்துல பிடுங்கிப் போட மாட்டோம். பவர் சப்ளை அதே, மீட்டர் அதே, போர்டு அதே. ஒரே ஒரு பார்ட்டை மட்டும் மாத்திட்டு ஸ்விட்ச் போடுவோம். பல்பு எரிஞ்சிடுச்சா? அப்போ கோளாறு அந்தப் பார்ட்லதான்.

இந்த வார ஹெட்போன் நாயகி பேட்ஸி க்ளைன். அமெரிக்காவின் கன்ட்ரி மியூசிக் பாடகி. அவரோட எட்டு வருஷ ரெக்கார்டிங் வாழ்க்கையைப் பார்த்தா, யாரோ பிளான் பண்ணி நடத்தின லேப் எக்ஸ்பெரிமென்ட் மாதிரியே இருக்கு பாஸ். 1955-லிருந்து 1960 வரைக்கும் ஒரு கம்பெனிக்கு 51 பாட்டு பாடினார். ஹிட் ஆனது ஒண்ணே ஒண்ணு. 1960 கடைசியில ஒப்பந்தம் முடிஞ்சு வேற கம்பெனி. அங்கே வெளியான முதல் சிங்கிளே கன்ட்ரி சார்ட்ல நம்பர் 1. ரெண்டாவது, இன்னிக்கு வரைக்கும் அவர் பேரைச் சொல்லும் பாட்டு. மூணாவது மறுபடியும் நம்பர் 1!

குரல் அதே. தயாரிப்பாளர் அதே. பெரும்பாலும் ஸ்டூடியோவும் அதே ஊர்தான். அப்போ என்னதான் மாறுச்சு? வாங்க, பார்ப்போம்.

சோடா கடைப் பொண்ணு

1932 செப்டம்பர் 8-ம் தேதி, வர்ஜீனியா மாநிலத்துல வின்செஸ்டர்ங்கிற சின்ன ஊர்ல பிறந்தார். நிஜப் பேர் வர்ஜீனியா பேட்டர்சன் ஹென்ஸ்லி. அப்பா இரும்புப் பட்டறைத் தொழிலாளி. அம்மா ஹில்டா துணி தைப்பவர். மகள் பிறந்தப்போ ஹில்டாவுக்கு வயசு 16. ரெண்டு பேரும் அம்மா - பொண்ணு மாதிரி இல்லாம, அக்கா - தங்கச்சி மாதிரிதான் பழகினாங்க.

13 வயசுல ருமாட்டிக் காய்ச்சல், கூடவே தொண்டையில கடுமையான தொற்று. தேறி வந்தப்போ தன் குரல் கனமா, முழக்கமா மாறியிருந்ததுன்னு பேட்ஸியே பின்னாடி சொல்லியிருக்கார்.

1947-ல அப்பா குடும்பத்தை விட்டுப் போயிட்டார். மூணு பிள்ளைங்கள்ல மூத்தவர் பேட்ஸி. படிப்பை நிறுத்திட்டு வேலைக்குக் கிளம்பினார். அந்தக் கால அமெரிக்க மருந்துக் கடைகள்ல ஒரு ஓரமா சோடா, ஐஸ்க்ரீம் விற்கிற கவுன்ட்டர் இருக்கும். அதுல நின்னு கிளாஸ் நிரப்புறதுதான் வேலை. பகல்ல சோடா, ராத்திரியில கிளப், நடன அரங்குன்னு எங்கே மைக் கிடைச்சாலும் பாட்டு. உள்ளூர் ரேடியோ ஸ்டேஷனுக்கு நேரா நடந்து போய், 'எனக்குப் பாட சான்ஸ் கொடுங்க'ன்னு கேட்ட ஆளு. இத்தனைக்கும் நோட்ஸ் படிக்கவே தெரியாது. எல்லாமே கேள்வி ஞானம்தான்.

மேடைக்கான டிரஸ் எல்லாம் அம்மா கைவண்ணம். குஞ்சம் தொங்குற கௌபாய் ஸ்டைல் சட்டை, பாவாடை, பூட்ஸ், தொப்பி. தன்னைப் பத்தி பேட்ஸி மனசுல வெச்சிருந்த படமும் அதேதான். 'நான் கன்ட்ரி பாடகி. வேற எதுவும் இல்லை.' இந்த ஒரு வரியை ஞாபகத்துல வெச்சுக்கங்க. பின்னாடி வரப்போற எல்லா சண்டைக்கும் இதுதான் காரணம்.

1953-ல ஜெரால்ட் க்ளைன் என்பவரைக் கல்யாணம் பண்ணதால 'க்ளைன்' வந்தது. பேட்டர்சன்ங்கிற நடுப் பேரைச் சுருக்கி 'பேட்ஸி' ஆக்கினவர், அப்போ அவர் பாடிட்டு இருந்த குழுவோட தலைவர் பில் பியர். கல்யாணம் நிலைக்கலை. பேர் நிலைச்சிடுச்சு.

அந்த ஒரு கையெழுத்து

1954-ல பேட்ஸிக்கு 22 வயசு. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஃபோர் ஸ்டார் ரெக்கார்ட்ஸ் ஒப்பந்தம் நீட்டுது. ஊர்ல சோடா ஊத்திட்டு இருந்த பொண்ணுக்கு ரெக்கார்டிங் வாய்ப்புன்னா சும்மாவா? கையெழுத்து போட்டார்.

அதுல ரெண்டு ஷரத்து முக்கியம். முதலாவது, ராயல்டி 2.34 சதவிகிதம். அதாவது 100 டாலருக்கு ரெக்கார்டு வித்தா பாடகிக்கு 2 டாலர் 34 சென்ட். ஸ்டூடியோ செலவும் அந்தக் காசிலிருந்தே கழியும். ரெண்டாவதுதான் நிஜமான பொறி. ஃபோர் ஸ்டாரின் சொந்தப் பதிப்பகத்துல இருக்கிற பாட்டுகளை மட்டும்தான் அவர் பாடணும்.

இதுல என்ன பெருசா இருக்குன்னு கேக்குறீங்களா? ஒரு ரெக்கார்டு வித்தா ரெண்டு பக்கம் காசு வரும் பாஸ். ஒண்ணு ரெக்கார்டு கம்பெனிக்கு. இன்னொண்ணு பாட்டோட உரிமை வெச்சிருக்கிற பதிப்பகத்துக்கு. ரெண்டும் ஒரே ஆளோட கம்பெனின்னா ரெண்டு பாக்கெட்டும் அவருடையதுதான். முதலாளிக்கு லாபம். ஆனா பாடகிக்கு? நாஷ்வில் நகரத்துல நூத்துக்கணக்கான பாட்டு எழுத்தாளர்கள் கிதாரோட சுத்திட்டு இருந்தாங்க. அவங்க எழுதுற நல்ல பாட்டு எதுவும் இவர் கைக்கு வரவே வராது. மெனுவுல நாலு அயிட்டம்தான். அதுலதான் சாப்பிடணும்.

ஆனா, அந்த 51 பாட்டுகள்ல பெரும்பாலானதைத் தயாரிச்சவர் சாதாரண ஆள் இல்லை. ஓவன் பிராட்லி! டெக்கா கம்பெனியோட நாஷ்வில் பொறுப்பாளர். பாதி உருளையைக் கவுத்து வெச்ச மாதிரி ஒரு தகரக் கொட்டகையில ஸ்டூடியோ நடத்தி, அந்த ஊரை இசைத் தலைநகரமாக்கின கில்லாடிகள்ல ஒருத்தர். சுத்தி வாசிச்சவங்களும் ஊரிலேயே முதல் தரம். ராக்கபில்லி, பக்திப் பாட்டு, மெதுவான பாட்டுன்னு எல்லா ஸ்டைல்லயும் முயற்சி பண்ணிப் பார்த்தாங்க. ம்ஹூம்... பல்பு எரியலை!

பிடிக்காத பாட்டு, பிடிக்காத டிரஸ்

ஒரே ஒரு தடவை மட்டும் எரிஞ்சது. 1956-ல 'வாக்கின் ஆஃப்டர் மிட்நைட்'னு ஒரு பாட்டை நீட்டினாங்க. கேட்டதுமே பேட்ஸி முகம் சுளிச்சார். 'இது பாப் பாட்டு, கன்ட்ரியே இல்லை'ங்கிறது அவர் கட்சி. தனக்குப் பிடிச்ச வேற ஒரு பாட்டையும் சேர்த்து ரெக்கார்டு பண்ணலாம்னு பேரம் பேசித்தான் பாடினார்.

1957 ஜனவரி 21. ஆர்தர் காட்ஃப்ரே நடத்தின 'டேலன்ட் ஸ்கவுட்ஸ்' டி.வி. நிகழ்ச்சி. நம்ம ஊர் சூப்பர் சிங்கருக்கெல்லாம் கொள்ளுப்பாட்டின்னு வெச்சுக்கங்களேன். ஒரு 'ஸ்கவுட்' தான் கண்டுபிடிச்ச திறமைசாலியை மேடைக்குக் கூட்டிட்டு வரணும். பேட்ஸியைக் கூட்டிட்டு வந்த ஸ்கவுட் யார் தெரியுமா? அம்மா ஹில்டா!

அம்மா தைச்ச கௌபாய் டிரஸ்ஸோட வந்தவரை, நிகழ்ச்சிக்காரங்க 'அது வேண்டாம், பார்ட்டிக்குப் போடுற கவுன் போட்டுக்கங்க'ன்னாங்க. பாட வெச்சிருந்த பாட்டையும் மாத்தி, 'வாக்கின் ஆஃப்டர் மிட்நைட் பாடுங்க'ன்னாங்க. பிடிக்காத பாட்டு, பிடிக்காத டிரஸ். பாடி முடிச்சதும் கைத்தட்டல் அடங்கலை. அன்னிக்கு ஜெயிச்சது அவர்தான். பாட்டு கன்ட்ரி சார்ட்ல 2-வது இடம், பாப் சார்ட்ல 12-வது இடம்.

இங்கே ஒரு சின்ன விளக்கம். அமெரிக்காவுல கன்ட்ரிக்குத் தனி ரேடியோ, தனி ரசிகர்கள், தனி சார்ட். பாப்புக்குத் தனி. கிராமத்துல கேட்கிறது அது, நகரத்துல கேட்கிறது இதுன்னு நடுவுல ஒரு வேலி. ஒரே பாட்டு வேலியைத் தாண்டி ரெண்டு பக்கமும் ஓடினா அதுக்குப் பேர்தான் கிராஸ்ஓவர். ஒரு கன்ட்ரி பாடகி அப்படித் தாண்டறது அப்போ அபூர்வம்.

சரி, வேலியைத் தாண்டியாச்சு. அடுத்து? ஒண்ணும் இல்லை. ஏன்னா அடுத்த பாட்டும் அதே நாலு அயிட்ட மெனுவிலிருந்துதான் வரணும். மூணு வருஷத்துக்கும் மேல ஹிட்டே கிடையாது. இதுக்கு நடுவுல சார்லி டிக்குடன் ரெண்டாவது கல்யாணம், 1958-ல மகள் பிறப்பு. 1960 ஜனவரியில கன்ட்ரி பாடகர்களோட கனவு மேடையான 'கிராண்ட் ஓல் ஓப்ரி' ரேடியோ நிகழ்ச்சியில உறுப்பினர் ஆனார். பேர் இருந்தது. ஹிட் இல்லை.

ஒரு பார்ட் மாறுச்சு... பல்பு எரிஞ்சது!

1960-ல ஃபோர் ஸ்டார் ஒப்பந்தம் காலாவதி. பேட்ஸி நேரா டெக்காவுக்கு வந்தார். தயாரிப்பாளர் அதே ஓவன் பிராட்லி. மாறினது ஒண்ணுதான். இப்போ யார் எழுதின பாட்டை வேணும்னாலும் பாடலாம்.

ஹாங்க் காக்ரனும் ஹார்லன் ஹவார்டும் சேர்ந்து 'ஐ ஃபால் டு பீசஸ்' எழுதியிருந்தாங்க. அதை ஏற்கெனவே மத்தவங்க வேண்டாம்னு தள்ளியிருந்தாங்க. தள்ளினதுல ஒருத்தர் ராய் ட்ரஸ்கிங்கிற பாடகர். பேட்ஸி கைக்கு வந்தது அந்தப் பாட்டுதான். 1960 நவம்பர் 16-ல ரெக்கார்டிங்.

ஆனா ஸ்டூடியோவுக்குள்ளே மறுபடியும் தகராறு. எல்விஸ் பிரெஸ்லிக்குப் பின்னணி பாடுற ஜோர்டனேர்ஸ்ங்கிற நாலு ஆண் குரல் குழுவை பிராட்லி கூட்டிட்டு வந்திருந்தார். 'இவங்க என் குரலை அமுக்கிடுவாங்க'ன்னு பேட்ஸிக்கு பயம். பிராட்லிக்கு வேற கணக்கு. எல்விஸ் கொண்டுவந்த ராக் அண்ட் ரோல் புயல்ல கன்ட்ரி ரெக்கார்டு விற்பனை ஆட்டம் கண்டிருந்த நேரம். ஃபிடிலையும் ஸ்டீல் கிதாரையும் பின்னுக்குத் தள்ளி, வயலின் கூட்டம், மென்மையான கோரஸ், பியானோன்னு முன்னுக்குக் கொண்டுவந்தா நகரத்து ஜனங்களும் கேட்பாங்கன்னு அவர் நம்பினார். பின்னாளில் 'நாஷ்வில் சவுண்ட்'னு பேர் வாங்கினது இதுதான்.

பாட்டு 1961 ஜனவரியில வெளியாச்சு. ஆமை வேகத்துல ஏறி ஆகஸ்ட்ல கன்ட்ரி நம்பர் 1, பாப்ல 12.

ஊன்றுகோலோடு 'கிரேஸி'

பாட்டு ஏறிட்டு இருக்கும்போதே விபத்து. 1961 ஜூன் 14, நாஷ்வில்ல தம்பி ஓட்டின கார்ல போனப்போ எதிரே வந்த கார் நேருக்கு நேரா மோதினதுல, பேட்ஸி முன்கண்ணாடியை உடைச்சுட்டு வெளியே போய் விழுந்தார். நெத்தியில ஆழமான வெட்டு, விலா எலும்பு முறிவு, இடுப்பு மூட்டு நழுவல். ஒரு மாசம் ஆஸ்பத்திரி. நெத்தித் தழும்பை மறைக்க அப்புறம் விக், கனமான மேக்கப்.

ஆகஸ்ட் 21. ஊன்றுகோலோட ஸ்டூடியோவுக்கு வந்தார். காத்திருந்த பாட்டு 'கிரேஸி'. எழுதினவர் அப்போ யாருக்கும் பெருசா தெரியாத வில்லி நெல்சன். அந்தப் பாட்டோட டெமோவை முதல்ல கேட்டப்பவும் பேட்ஸிக்குப் பிடிக்கலை. வில்லி தாளத்துக்கு முன்னேயும் பின்னேயும் நழுவி, பாதி பேசற மாதிரி பாடுவார். 'இதை இப்படிப் பாட என்னால முடியாது'ன்னார் பேட்ஸி. 'அவரை மாதிரி ஏன் பாடணும்? உங்க மாதிரி பாடுங்க'ன்னு பிராட்லி அதை மெதுவான பாட்டா மாத்தி அமைச்சார்.

அந்தக் காலத்து நாஷ்வில் கணக்கு மூணு மணி நேரத்துக்கு நாலு பாட்டு. அன்னிக்கு நாலு மணி நேரம் ஆகியும் ஒரு பாட்டு முடியலை. விலா வலியில மேல் ஸ்தாயி வரலை. பிராட்லி இசையை மட்டும் பதிவு பண்ணிட்டு, 'போய் ரெஸ்ட் எடுங்க'ன்னு அனுப்பிட்டார். சில வாரம் கழிச்சு வந்தார். இசைப் பதிவை ஓடவிட்டு, அதுக்கு மேல பாடினார். ஒரே டேக்! நீங்க இன்னிக்குக் கேட்கிற 'கிரேஸி' அந்த ஒரே டேக்தான். கன்ட்ரியில 2, பாப்ல 9. அடுத்து 1962-ல 'ஷீஸ் காட் யூ', கன்ட்ரி நம்பர் 1.

ஹெட்போன் மாட்டிட்டுக் கேளுங்க. அழுற மாதிரி எந்த இடத்துலயும் பாட மாட்டார். ஒரு சொல்லை இழுத்து, நடுவுல லேசா உடைச்சு, கீழே இறக்கி வைப்பார். அவ்வளவுதான். அழற வேலை நமக்கு. கௌபாய் டிரஸ்ல சத்தமா பாடணும்னு ஆசைப்பட்டவர்கிட்ட இந்த மென்மை இருக்குன்னு அவருக்கு முன்னாடியே பிராட்லிக்குத் தெரிஞ்சிருந்தது.

காசு முதல்ல... மேடை அப்புறம்!

இனி யாரும் ஏமாத்தக் கூடாதுன்னு பேட்ஸி ஒரு கொள்கை வெச்சிருந்தார். கச்சேரி ஏற்பாடு பண்றவங்க பணத்தைக் கையில கொடுத்தாதான் மேடை ஏறுவார். பெண் பாடகிகளுக்குப் பேசின காசைக் கொடுக்காம நழுவறது சகஜமா இருந்த காலம் அது.

தான் அடிபட்ட இடத்துல மத்தவங்க விழக் கூடாதுன்னு நினைச்ச மனசு. ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போ, ஊருக்குப் புதுசா வந்த ஒரு பொண்ணு ரேடியோவுல 'ஐ ஃபால் டு பீசஸ்' பாட்டைப் பாடி அவருக்கு சமர்ப்பணம் பண்ணினதைக் கேட்டார். 'அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வாங்க'ன்னார். அவங்கதான் லொரெட்டா லின்! பின்னாளில் கன்ட்ரி இசையோட ராணியான அவருக்கு டிரஸ் கொடுத்து, தொழில் சொல்லிக் கொடுத்து வளர்த்தது பேட்ஸிதான். லொரெட்டா பின்னாடி தன் இரட்டைக் குழந்தைகள்ல ஒருத்திக்கு பேட்ஸின்னே பேர் வெச்சார்.

30 வயசு

1963 மார்ச் 3. கார் விபத்துல இறந்த ஒரு ரேடியோ அறிவிப்பாளர் குடும்பத்துக்கு நிதி திரட்ட கன்சாஸ் சிட்டியில கச்சேரி. முடிஞ்சு திரும்பும்போது பனிமூட்டம். தோழி டாட்டி வெஸ்ட் கார்ல வரச் சொல்லியும் பேட்ஸி மறுத்துட்டார். வீட்ல ரெண்டு சின்னக் குழந்தைங்க. மார்ச் 5-ம் தேதி சின்ன விமானத்துல கிளம்பினாங்க. ஓட்டினவர் மேனேஜர் ராண்டி ஹ்யூஸ். கருவிகளை மட்டுமே பார்த்து ஓட்டும் பயிற்சி அவருக்கு இல்லை. வழியில டயர்ஸ்பர்க்ல எரிபொருள் நிரப்பிட்டு மோசமான வானிலைக்குள்ளே மறுபடி கிளம்பின விமானம், நாஷ்வில்லுக்குச் சுமார் 90 மைல் முன்னாடி, கேம்டன் பக்கத்துக் காட்டுல விழுந்தது. பேட்ஸி, ராண்டி, பாடகர்கள் கௌபாய் கோபாஸ், ஹாக்ஷா ஹாக்கின்ஸ்... நாலு பேரும் போயிட்டாங்க.

டெக்காவுல அவருக்குக் கிடைச்ச சுதந்திரமான காலம் சுமார் ரெண்டேகால் வருஷம்தான் பாஸ். அந்த ரெண்டேகால் வருஷத்துப் பாட்டை வெச்சுத்தான் 1973-ல கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம்ல இடம்பெற்ற முதல் தனிப் பாடகி ஆனார். 1967-ல வந்த 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' ஆல்பம் அமெரிக்காவுல 1 கோடியைத் தாண்டி வித்தது.

நமக்கு என்ன பாஸ்?

பேட்ஸி கதையைச் சொல்றவங்க, 'பார்த்தியா, வேண்டாம் வேண்டாம்னு சொன்ன பாட்டுதான் ஹிட் ஆச்சு. அதனால கொடுத்ததை வாயை மூடிட்டு செய்'னு முடிப்பாங்க. எனக்கு அப்படித் தோணலை. ஃபோர் ஸ்டார் கொடுத்ததைத்தானே ஆறு வருஷம் பாடினார்? 50 பாட்டு காணாம போச்சே!

பிடிக்காததுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, நம்ம பழக்கத்துக்குப் புதுசா இருக்கிறதால பிடிக்காதது. 'கிரேஸி' அந்த ரகம். அங்கே சண்டை போடலாம், மாத்திக் கேட்கலாம், 'என் ஸ்டைல்ல பாடறேன்'னு சொல்லலாம். எதிர்ல நிக்கிற ஆளும் காது கொடுப்பார். இன்னொண்ணு, தேர்ந்தெடுக்கிற உரிமையையே பிடுங்கிக்கிறது. அங்கே எவ்வளவு திறமை காட்டினாலும் பல்பு எரியாது. முதல் வகையை ஒரு தடவை முயற்சி பண்ணிப் பார்க்கலாம். ரெண்டாவதை வாசல்லயே அடையாளம் கண்டுபிடிக்கணும்.

ப்ளேஸ்மென்ட் சீசன்ல இருக்கிற ஃபைனல் இயர் மக்களே, இது உங்களுக்குத்தான். ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் சம்பளம் எழுதின வரியைத்தான் கண்ணு தேடும். அதுக்குக் கீழே பாண்ட் எத்தனை வருஷம், நடுவுல விலகினா எவ்வளவு கட்டணும், ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டை யார் வெச்சுப்பாங்கன்னு பொடி எழுத்துல இருக்கும். பேட்ஸிக்கு அப்போ 22 வயசு. நமக்கும் கிட்டத்தட்ட அதே வயசுதான். கையெழுத்துக்கு முன்னாடி அந்தப் பொடி எழுத்தை ரெண்டு தடவை படிங்க. புரியலைன்னா புரிஞ்ச சீனியர்கிட்ட காட்டுங்க.

இந்த வார ப்ளே லிஸ்ட்

எக்ஸ்பெரிமென்ட்டை நீங்களே பண்ணிப் பார்க்கலாம். பேட்ஸி பேர்ல மலிவு விலைத் தொகுப்புகள் ஏராளம். அதுல பலதுல இருக்கிறது அந்த பழைய 51 பாட்டுகள்தான். அதனால வருஷத்தைப் பார்த்து எடுங்க. முதல்ல 1955 - 60 பாட்டு ஏதாவது ரெண்டு. அப்புறம் 'வாக்கின் ஆஃப்டர் மிட்நைட்'. அதுக்கப்புறம் 'ஐ ஃபால் டு பீசஸ்', 'கிரேஸி', 'ஷீஸ் காட் யூ'. கடைசியா 1963 பிப்ரவரியில, விபத்துக்கு ஒரு மாசம் முன்னாடி பாடின 'ஸ்வீட் ட்ரீம்ஸ்'. அதே குரல்தான் மக்களே. எந்த இடத்துல பல்பு எரியுதுன்னு நீங்களே கண்டுபிடிங்க!

அடுத்த வாரம் இன்னொரு குரலோட வர்றேன். இன்டர்னல்ஸ் இருக்கு, படிக்கணும்... வர்ட்டா!